பிரிஃபிக்ஸ் வெளியே தெரியல, அண்ணே

சின்ன ஐஎஸ்பி (இணைய இணைப்பு தரும் நிறுவனம்) நடத்துபவர்கள் என்னிடம் கொண்டுவரும் கேள்வி எப்போதும் ரவுட்டர் கேள்வியாகத்தான் வரும். "பிஜிபி அப் ஆயிடுச்சுண்ணே, ஆனா பிரிஃபிக்ஸ் வெளியே தெரியல." "பாதி சைட் வருது, பாதி வரல." "அப்ஸ்ட்ரீம் மாத்திட்டோம், மைக்ரோடிக்ல ஏதாவது ஃபில்டர் போடணுமா?" பிஜிபி என்றால், இன்ன முகவரிகள் என்னிடம் என்று நெட்வொர்க்குகள் ஒன்றுக்கொன்று அறிவித்துக்கொள்ளும் நெறிமுறை. பிரிஃபிக்ஸ், அப்படி அறிவிக்கும் முகவரித் தொகுதி. அப்ஸ்ட்ரீம், இவர்களுக்கு இணையம் தரும் மேல் நெட்வொர்க். மைக்ரோடிக், ஒரு ரவுட்டர் பிராண்ட். கேட்ட கையோடு மொத்த கான்ஃபிக்கையும் எக்ஸ்போர்ட் செய்து வாட்சப்பில் தள்ளிவிடுவார்கள். அந்த ஃபைலைத் திறக்கும் முன் நான் இரண்டு விஷயம் கேட்பேன். உங்கள் முகவரி பிளாக் எந்தப் பதிவகத்தில் (முகவரிகளை ஒதுக்கிப் பதிவு வைக்கும் அமைப்பு) யார் பெயரில் இருக்கிறது? அந்த போர்ட்டலின் லாகின் யாரிடம் இருக்கிறது? முதலாவதற்குப் பதில் வந்துவிடும். இரண்டாவதற்கு, "கேட்டுச் சொல்றேன்ணே" என்பார்கள். பெரும்பாலும் கோளாறு அந்த "கேட்டுச் சொல்றேன்"-இல்தான் இருக்கும்.

இவர்கள் யாரென்று சொல்லிவிடுகிறேன். இந்தியாவில் ஐஎஸ்பி உரிமம் ஏ, பி, சி என்று மூன்று வகை. நாடு முழுக்க, ஒரு மாநில அளவுக்கு, ஒரு மாவட்ட அளவுக்கு என்று புரிந்துகொண்டால் போதும். என்னை அழைப்பவர்களில் முக்கால்வாசிப் பேர் சி வகை. முன்பு கேபிள் டிவி நடத்தியவர்கள், கம்பத்துக்குக் கம்பம் கோஆக்சியல் இழுத்தவர்கள், இப்போது அதே தெருவில் ஃபைபர் இழுக்கிறார்கள். ஃபைபர் ஸ்ப்ளைசிங்கில் இவர்களை யாரும் அடிச்சுக்க முடியாது. ஃபைபர்கள் வந்து சேரும் ஓஎல்டி பெட்டியை எங்கே வைப்பது, மழைக்காலத்தில் எந்த மூடியில் தண்ணீர் இறங்கும் என்பதெல்லாம் அத்துப்படி. முகவரி, ஏஎஸ் எண் (பிஜிபியில் ஒரு நெட்வொர்க்கை அடையாளம் காட்டும் எண்), பதிவகம் என்று வரும்போது மட்டும், லைசன்ஸ் எடுத்துக் கொடுத்த கன்சல்டண்ட் செய்துவிட்டுப் போனது அப்படியே கிடக்கும்.

உங்கள் முகவரி 103 என்று தொடங்குகிறதா? தமிழ்நாட்டில் சின்ன ஐஎஸ்பி என்றால் அநேகமாக ஆமாம் என்பீர்கள். அதற்கு ஒரு கதை உண்டு. ஐபிவி4 முகவரிகள் மொத்தமே சுமார் 430 கோடி. உலக அளவில் இவற்றைப் பங்கிடும் ஐயானா, 2011 பிப்ரவரி 3 அன்று தன் கையிலிருந்த கடைசி ஐந்து பெரிய பிளாக்குகளை ஐந்து வட்டாரப் பதிவகங்களுக்கு ஆளுக்கொன்றாகக் கொடுத்துவிட்டுக் கடையை மூடியது. ஆசிய பசிபிக் பகுதிக்கான ஏபிநிக்குக்கு வந்தது 103. அதில் சுமார் 1.67 கோடி முகவரிகள். அந்த ஏப்ரல் 15-லிருந்தே ஏபிநிக் சிக்கன விதிக்குப் போய்விட்டது: ஒரு உறுப்பினருக்கு அந்த பிளாக்கிலிருந்து அதிகபட்சம் 1024 முகவரிகள். 2019-இல் அதையும் 512 ஆகக் குறைத்தார்கள். நம் ஆட்கள் லைசன்ஸ் வாங்கித் தொழிலுக்கு வந்ததே பெரும்பாலும் அதற்குப் பிறகுதான். அதனால்தான் எல்லோர் வீட்டிலும் 103. ஆயிரக்கணக்கான இணைப்பு வைத்திருப்பவர்கூட ஐந்நூற்றுச் சொச்சம் முகவரியை வைத்துக்கொண்டு, மீதியை சிஜிநாட்டுக்கு (ஒரே முகவரியைப் பல இணைப்புகளுக்குப் பகிர்ந்து கொடுக்கும் பெட்டி) பின்னால் ஒளித்து ஓட்டுகிறார்.

ஏபிநிக் இருப்பது ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேனில். 1993-இல் டோக்கியோவில் தொடங்கி 1998-இல் அங்கே போனது. இந்தியாவுக்கென்று நிக்ஸி (நேஷனல் இன்டர்நெட் எக்ஸ்சேஞ்ச் ஆஃப் இந்தியா) கீழ் ஐரின் என்ற தேசியப் பதிவகம் 2012 முதல் இருக்கிறது. நேரே ஏபிநிக்கில் உறுப்பினராகலாம், ஐரின் வழியாகவும் வாங்கலாம். "எதுண்ணே நல்லது?" என்று கேட்பவர்களுக்கு என்னிடம் பெரிய பதில் கிடையாது. இரண்டும் சரிதான். எதில் வாங்கினீர்களோ அதில்தான் பிற்பாடு எல்லா வேலையும் நடக்கும், அதை மட்டும் மறக்காதீர்கள் என்பேன். ஐரினில் வாங்கிவிட்டு ஏபிநிக் போர்ட்டலில் பாஸ்வேர்டு ரீசெட் செய்துகொண்டிருந்தவர்கள் உண்டு.

சரி, விஷயத்துக்கு வருவோம். பதிவகம் வைத்திருப்பது பட்டா மாதிரி: இந்த முகவரிகள் இன்னாருக்கு ஒதுக்கப்பட்டவை, அவ்வளவுதான். அந்த நிலத்தில் வேலி போட்டு யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்பது பிஜிபி. இரண்டும் தனித்தனி. பதிவேட்டில் பெயர் இருப்பதால் மட்டும் ஒரு பாக்கெட்டும் உங்களிடம் வராது. பதிவேட்டில் பெயரே இல்லாதவர் அறிவித்தாலும், நம்புகிறவர்கள் பாக்கெட்டை அவருக்கு அனுப்பத்தான் செய்வார்கள்.

பிஜிபி அப்படிப் பிறந்தது. 1989 ஜனவரியில் ஆஸ்டின் நகரில் நடந்த ஒரு கூட்டத்தின்போது, சிஸ்கோவின் கர்க் லோகீடும் ஐபிஎம்மின் யாகோவ் ரெக்டரும் சாப்பாட்டு மேசையில் நாப்கின் காகிதத்தில் எழுதிப் பார்த்தது. அன்றைக்கு இணையத்தில் இருந்தவர்கள் ஒருவரையொருவர் பெயர் சொல்லிக் கூப்பிடுகிற அளவுக்குத்தான் இருந்தார்கள். "இந்த முகவரி என்னிடம் இருக்கிறது" என்று ஒருவர் சொன்னால், "அது உன்னுடையதுதானா?" என்று கேட்க அந்த நெறிமுறையில் இடமே வைக்கவில்லை. இன்றைக்கும் இல்லை. கேட்பதற்கான ஏற்பாடெல்லாம் வெளியிலிருந்து பிற்பாடு ஒட்டவைத்தது.

அதன் விளைவை ஊரே பார்த்த நாள் 2008 பிப்ரவரி 24. பாகிஸ்தான் அரசு யூடியூபைத் தடுக்கச் சொன்னது. பாகிஸ்தான் டெலிகாம் தன் நெட்வொர்க்குக்குள் மட்டும் அதைச் செய்ய நினைத்து, யூடியூப் முகவரிகளில் ஒரு ஸ்லாஷ் 24-ஐ (256 முகவரி கொண்ட தொகுதி; ஸ்லாஷ் எண் பெரிதாக ஆகத் தொகுதி சின்னது) தானே வைத்திருப்பதாக அறிவித்தது. அந்த அறிவிப்பு ஹாங்காங்கைச் சேர்ந்த அப்ஸ்ட்ரீம் பிசிசிடபிள்யூ வழியாக வெளியே கசிந்தது. யூடியூப் அறிவித்திருந்தது ஸ்லாஷ் 22. ரவுட்டர் எப்போதும் குறுகலான, துல்லியமான முகவரியைத்தான் தேர்ந்தெடுக்கும். 22-ஐ விட 24 குறுகல். உலகமே பாகிஸ்தான் பக்கம் திரும்பியது. யூடியூப் முதலில் அதே ஸ்லாஷ் 24-ஐத் தானும் அறிவித்தது, பிறகு அதையும் இரண்டாக உடைத்து ஸ்லாஷ் 25-களாக அறிவித்தது. கடைசியில் பிசிசிடபிள்யூ அந்தத் தவறான வழியை எடுத்துவிட்ட பிறகுதான் அடங்கியது. ஏறக்குறைய இரண்டு மணி நேரம். இந்தச் சம்பவத்தை எல்லோரும் பாகிஸ்தானைக் குறைசொல்லச் சொல்வார்கள். எனக்கு அப்ஸ்ட்ரீம் மேல்தான் கோபம். வாடிக்கையாளர் எதை அறிவிக்கலாம் என்று ஒரு பட்டியல் வைத்திருந்தால் அது வாசலிலேயே நின்றிருக்கும்.

அந்தப் பட்டியலை எங்கிருந்து எடுப்பது என்பதற்குத்தான் பதிவகச் சேவைகள். இதில் பழையது ஐஆர்ஆர், ரூட் ஆப்ஜெக்ட் (இன்ன முகவரியை இன்ன ஏஎஸ் எண் அறிவிக்கும் என்ற குறிப்பு) எழுதிவைக்கும் இடம். புதியது ஆர்பிகேஐ. முகவரி வைத்திருப்பவர், "என் முகவரியை இன்ன ஏஎஸ் எண் அறிவிக்கலாம்" என்று டிஜிட்டல் கையெழுத்துப் போட்டு ஒரு சான்று உருவாக்குகிறார். அதன் பெயர் ஆர்ஓஏ, பேச்சில் ரோவா. உலகெங்கும் இதைப் பார்க்கிற ரவுட்டர்கள் அந்தச் சான்றுகளை ஒரு சர்வர் வழியாக வாங்கி வைத்துக்கொண்டு, வருகிற ஒவ்வொரு அறிவிப்பையும் ஒப்பிடும். பொருந்தினால் வேலிட். சான்றே இல்லையென்றால் நாட் ஃபவுண்ட், அதையும் ஏற்றுக்கொள்வார்கள். சான்று இருந்து பொருந்தாவிட்டால் இன்வேலிட். இன்வேலிட் என்றால் தூக்கிப் போடுகிறவர்கள் இப்போது அதிகம். அமெரிக்காவின் ஏடி அண்ட் டி 2019-இல் தொடங்கியது, ஜப்பானின் என்டிடி 2020-இல். உலக ரூட்டிங் டேபிளில் ஐபிவி4 வழிகளில் பாதிக்கு மேல் ரோவா வந்துவிட்டதாக 2024 மே மாதம் கணக்குச் சொன்னார்கள்.

இதில் எங்கே இடிக்கும் என்று பார்க்க, டெல்டா பக்கத்துத் தம்பி ஒருவரின் விஷயத்தைச் சொல்கிறேன். பல வருடமாக ஒரே அப்ஸ்ட்ரீம். அவருக்கு முகவரி சொந்தம், ஏஎஸ் எண் கிடையாது. அதனால் அப்ஸ்ட்ரீமே தன் ஏஎஸ் எண்ணில் அவருடைய ஸ்லாஷ் 24-ஐ அறிவித்துக்கொண்டிருந்தது. பிறகு தொழில் வளர்ந்து, சொந்த ஏஎஸ் எண் வாங்கி, வேறு இரண்டு அப்ஸ்ட்ரீம்களோடு பிஜிபி போட்டு, ஒரு நாள் ராத்திரி மாற்றினார். செஷன் இரண்டும் எஸ்டாப்ளிஷ்டு. முழு டேபிளும் வந்துவிட்டது. படுக்கப் போய்விட்டார்.

காலையில் போன் மேல் போன். வீடியோ ஓடுகிறது, பேங்க் ஆப் திறக்கவில்லை. வாட்சப் போகிறது, ஒரு கல்லூரியின் தளம் வரவில்லை. ஒரே தெருவில் ஒருவருக்கு வேலை செய்கிற ஆபீஸ் விபிஎன் அடுத்தவருக்கு இல்லை. தம்பி டிஎன்எஸ் மாற்றிப் பார்த்திருக்கிறார், எம்டியூவை 1492 ஆக்கிப் பார்த்திருக்கிறார், ரவுட்டரை ரீபூட் செய்திருக்கிறார், சிஜிநாட் பெட்டியைத் திட்டியிருக்கிறார். பாதி வருகிறது, பாதி வரவில்லை என்றால் யாருக்குமே முதலில் அந்தப் பக்கம்தான் புத்தி போகும்.

பொதுவில் கிடைக்கும் ஒரு லுக்கிங் கிளாஸில் (மற்ற நெட்வொர்க்குகளுக்கு எந்த வழி தெரிகிறது என்று காட்டும் தளம்) அவருடைய பிரிஃபிக்ஸைப் போட்டுப் பார்த்தால் கதை தெரிந்துவிட்டது. சில நெட்வொர்க்கில் வழி தெரிகிறது, சிலதில் சுத்தமாக இல்லை. ரோவா பட்டியலைப் பார்த்தேன். உதாரணத்துக்கென்றே ஒதுக்கி வைத்திருக்கும் எண்களில் சொன்னால் இப்படி: முகவரி 203.0.113.0/24, அதிகபட்ச நீளம் 24 (இதைவிடச் சின்னத் துண்டாக உடைத்து அறிவிக்கக் கூடாது என்று பொருள்), அறிவிக்க அனுமதி ஏஎஸ் 64500. அது பழைய அப்ஸ்ட்ரீமின் எண். இப்போது அறிவிப்பதோ ஏஎஸ் 64501, தம்பியின் புது எண். என்றோ அப்ஸ்ட்ரீம் கேட்டதற்காக இவர்களே போட்டுக்கொடுத்து மறந்துபோன ரோவா. இப்போது இவர்களுடைய அறிவிப்பையே இன்வேலிட் ஆக்கிக்கொண்டிருந்தது.

புது அப்ஸ்ட்ரீம்கள் இரண்டும் ஆர்பிகேஐ பார்ப்பதில்லை. அதனால் கேள்வி கேட்காமல் ஏற்றுக்கொண்டு மேலே அனுப்பிவிட்டன. மேலே இருக்கும் பெரிய நெட்வொர்க்குகளில் பார்க்கிறவை தூக்கிப் போட்டன, பார்க்காதவை ஏற்றுக்கொண்டன. தம்பியிடமிருந்து பாக்கெட் எல்லா இடத்துக்கும் போகிறது. திரும்பி வருவதற்குத்தான் பாதிப் பேரிடம் வழி இல்லை. வீடியோ ஓடியது ஏனென்றால் அது பக்கத்து எக்ஸ்சேஞ்ச் (நெட்வொர்க்குகள் நேரே இணையும் இடம்) வழியாகவோ, நகல் வைத்திருக்கும் கேச் சர்வரிலிருந்தோ வருகிறது, அத்தனை தூரம் போய்த் திரும்ப வேண்டியதில்லை. ரவுட்டரில் ஒரு வரிகூடத் தப்பில்லை.

போர்ட்டலில் நுழைந்து புது ஏஎஸ் எண்ணுக்கு ஒரு ரோவா போட்டால் போதும், சில நிமிட வேலை. பழையதை உடனே அழிக்கக்கூட வேண்டாம். ஒரே முகவரிக்கு எத்தனை ரோவா இருந்தாலும் ஏதாவது ஒன்று பொருந்தினால் அறிவிப்பு வேலிட். மாற்றப் போகிறீர்கள் என்று தெரிந்தால் முந்தின நாளே புதியதைப் போட்டுவிட்டு, எல்லாம் மாறி ஓடின பிறகு பழையதை எடுத்தால், வாடிக்கையாளருக்கு நடந்ததே தெரியாது. ஆனால் தம்பியின் விஷயத்தில் அந்தச் சில நிமிட வேலைக்கு மதியம் தாண்டிவிட்டது. லாகினுக்கான ஓடிபி, வேலையை விட்டுப்போன ஒரு இன்ஜினியரின் மெயிலுக்குப் போனது. அவர் இப்போது தோஹாவில். அவர் ஷிஃப்டில் இருந்தார், போன் லாக்கரில். அவர் டீ குடிக்க வெளியே வந்து மெயிலைத் திறந்து ஓடிபி படித்துச் சொன்ன பிறகுதான் இங்கே பேங்க் ஆப் திறந்தது. நல்ல மனுஷன், முகம் சுளிக்காமல் செய்தார். எல்லோருக்கும் அப்படி ஆள் அமையாது.

அதிகபட்ச நீளம் என்று மேலே சொன்னேனே, அதிலும் அடிக்கடி மாட்டுகிறார்கள். கையில் ஸ்லாஷ் 23 இருக்கும். ரோவாவில் அதிகபட்ச நீளம் 23 என்றே விட்டிருப்பார்கள். பிறகு இரண்டு அப்ஸ்ட்ரீமில் டிராஃபிக்கைப் பிரித்துவிட, 23-ஐ இரண்டு 24-ஆக உடைத்து ஒன்றை இங்கேயும் ஒன்றை அங்கேயும் அறிவிப்பார்கள். இரண்டும் இன்வேலிட். இதற்குப் பயந்து சிலர் எல்லாவற்றுக்கும் அதிகபட்சம் 24 என்று தாராளமாகப் போட்டுவிடுகிறார்கள். அதுவும் வேண்டாம். நீங்கள் 23-ஐ மட்டும் அறிவித்துக்கொண்டிருக்கையில், வேறொருவர் உங்கள் ஏஎஸ் எண்ணையே பொய்யாகக் கடைசியில் ஒட்டி ஒரு 24-ஐ அறிவித்தால், ரோவா அதை வேலிட் என்று வாழ்த்தி அனுப்பும். 2008 யூடியூப் கதையில் நடந்த அதே குறுகல் வேலை. எதை அறிவிக்கிறீர்களோ அதற்கு மட்டும் ரோவா என்பதுதான் நான் எல்லோருக்கும் சொல்வது.

ஐஆர்ஆர் பற்றி நிறையச் சொல்ல எனக்குப் பொறுமையில்லை. மிச்சிகனில் மெரிட் என்ற அமைப்பு நடத்தும் ராட்பி என்ற ஐஆர்ஆர் 1995-லிருந்து இருக்கிறது. பணம் கட்டினவர் எழுதலாம். எழுதினவருக்கு அந்த முகவரி சொந்தமா என்று பார்க்கும் கட்டாயம் அந்தக் காலத்தில் இல்லாததால், அதில் பழைய குப்பை நிறைய. உங்கள் முகவரிக்கு நீங்கள் கேள்வியே படாத யாரோ ஒரு ரூட் ஆப்ஜெக்ட் போட்டு வைத்திருக்கலாம். இருந்தாலும் அப்ஸ்ட்ரீம்கள் இன்னும் அதிலிருந்துதான் ஃபில்டர் கட்டுகிறார்கள், பெரும்பாலும் ராத்திரி ஓடும் ஒரு ஸ்கிரிப்டில். அதனால் மத்தியானம் ரூட் ஆப்ஜெக்ட் போட்டுவிட்டு, "இன்னும் வரலையேண்ணே" என்று சாயங்காலம் கேட்காதீர்கள். ஸ்கிரிப்ட் ஓடட்டும். உங்களுக்குக் கீழே இன்னொரு சின்ன ஐஎஸ்பி தொங்குகிறது என்றால், அவருடைய ஏஎஸ் எண்ணை உங்கள் ஏஎஸ்-செட்டில் (உங்கள் வழியாக வரும் ஏஎஸ் எண்களின் ஐஆர்ஆர் பட்டியல்) சேர்த்தீர்களா என்று ஒருமுறை பாருங்கள். அதைத்தான் எல்லோரும் மறக்கிறார்கள்.

இப்போது லாகின். இதை நான் அழுத்திச் சொன்னால், "அது ஆபீஸ் வேலைண்ணே" என்று சிரிக்கிறார்கள். 2024 ஜனவரி 3 அன்று ஸ்பெயினில் ஆரஞ்ச் நிறுவனத்துக்கு நடந்ததைக் கேளுங்கள். தாக்கியவன் அவர்களுடைய ரவுட்டர் எதையும் தொடவில்லை. ஐரோப்பியப் பதிவகமான ரைப் கணக்கின் பாஸ்வேர்டு ஒரு ஊழியரின் கணினியில் புகுந்த மால்வேர் வழியாகக் கசிந்திருந்தது. சுலபமான பாஸ்வேர்டு, இரட்டைச் சரிபார்ப்பும் இல்லை. உள்ளே நுழைந்தவன் தப்பான ஏஎஸ் எண்ணுக்கு ரோவா போட்டான். ஆரஞ்சின் உண்மையான அறிவிப்புகள் இன்வேலிட் ஆகி, உலகம் அவற்றைத் தூக்கிப் போட்டது. டிராஃபிக் சரிந்து, மீண்டு வரச் சில மணி நேரம் ஆனது. அதற்குப் பிறகுதான் ரைப் இரட்டைச் சரிபார்ப்பைக் கட்டாயமாக்கியது. காவலுக்கு வைத்த ஆர்பிகேஐயே அன்றைக்குக் கத்தியானது. ஆரஞ்சுக்கே இந்தக் கதி என்றால், முன்னாள் ஊழியரின் ஜிமெயிலில் தொங்கும் நம் கணக்குகளை நினைத்துப் பாருங்கள்.

கம்பெனி டொமைனில் தனி மெயில் ஒன்று, அதை இரண்டு பேராவது பார்க்க வேண்டும், இரட்டைச் சரிபார்ப்பு முதலாளியின் போனிலும் இருக்க வேண்டும். வேலையை விட்டு ஒருவர் போகும்போது சாவி, லேப்டாப் வாங்குகிறோமே, அந்தப் பட்டியலில் பதிவகக் கணக்கையும் சேர்க்க வேண்டும். இன்னொன்று, ஏபிநிக் தன் பதிவேட்டிலுள்ள புகார் மெயில் முகவரி உயிரோடு இருக்கிறதா என்று குறிப்பிட்ட இடைவெளியில் மெயில் அனுப்பிச் சரிபார்க்கும். அதற்குப் பதில் சொல்லாமல் விட்டால் பிற்பாடு இழுபறி. அந்த மெயில் யாருடைய பெட்டிக்கு வருகிறது என்று தெரியாதவர்கள்தான் என் நண்பர்களில் அதிகம்.

பதிவகத்திடம் எதைக் கேட்கலாம், எதைக் கேட்கக் கூடாது என்பதிலும் குழப்பம் உண்டு. "எங்க முகவரியை வெளிநாட்டுல எவனோ அறிவிக்கிறான், ஏபிநிக்குக்கு மெயில் போட்டேன், அவங்க எடுத்துவிட மாட்டேங்கிறாங்க" என்று கோபப்படுவார்கள். அவர்களால் எடுக்க முடியாது. ரூட்டிங்கில் கை வைக்கும் பொத்தான் எந்தப் பதிவகத்திடமும் இல்லை. பதிவேட்டில் உங்கள் பெயர்தான் இருக்கிறது என்று அவர்கள் உறுதி சொல்லலாம். அதைக் காட்டி, அறிவிக்கிறவரின் அப்ஸ்ட்ரீமிடம் நீங்கள்தான் முறையிட வேண்டும். 2019-இல் ரைப்பில் முகவரிக் கடத்தலையே கொள்கை மீறலாக்கலாம் என்று ஒரு முன்மொழிவு வந்தது. நிறைய விவாதம் நடந்து, ஒத்த கருத்து வராமல் திரும்பப் பெற்றுக்கொண்டார்கள். எனக்கு அதில் வருத்தமில்லை. ராத்திரி இரண்டு மணிக்கு ஒரு எண்ணைத் தப்பாகத் தட்டிய சி வகை ஐஎஸ்பிக்கும், திட்டமிட்டுத் திருடுகிறவனுக்கும் ஒரே தண்டனை என்றால் முதலில் அடிபடுகிறவன் நம் ஆள்தான்.

முகவரி வாடகைக்கு எடுக்கிறவர்களும் இப்போது அதிகம். 512 போதாமல், யாரிடமோ ஒரு ஸ்லாஷ் 24 மாத வாடகைக்கு எடுப்பார்கள். எடுக்கும் முன் வில்லங்கம் பார்க்க வேண்டும். பழைய ரோவா யார் பெயரில், ஸ்பேம் பட்டியலில் இருக்கிறதா, முன்பு எந்த நாட்டில் அறிவித்தார்கள், இது மூன்றையும் பார்க்காமல் பணம் கட்டாதீர்கள். ரோவா போடும் உரிமை முகவரி வைத்திருப்பவரிடம்தான், வாடகைக்காரரிடம் அல்ல. அவர் ரோவாவை எடுத்தாலோ வேறு எண்ணுக்கு மாற்றினாலோ உங்கள் கடை அன்றைக்குப் பூட்டு. வாடகைத் தாளில் அதற்கும் ஒரு வரி வேண்டும்.

நாட்டுப் பிரச்சினை வேறு ரகம். வாடகை முகவரி கொடுத்த அன்றைக்கே வாடிக்கையாளர் சொல்வார்: "எனக்கு ஓடிடில வேற நாட்டுப் படம் காட்டுது, அரசாங்க சைட் திறக்கல." சில அரசுத் தளங்கள் வெளிநாட்டு முகவரிகளைத் தடுத்து வைத்திருக்கும். இடத்தைச் சொல்லும் தகவல் தொகுப்புகளை நடத்துவது தனியார் நிறுவனங்கள். பதிவேட்டில் நாட்டை இந்தியா என்று மாற்றியதும் அவர்கள் மாற்றிவிடுவார்கள் என்று நினைத்தால் ஏமாற்றம்தான். ஜியோஃபீட் என்று ஒரு எளிய ஃபைல் உண்டு. வரிக்கு ஒரு முகவரி பிளாக், நாடு, மாநிலக் குறியீடு, ஊர். அதை உங்கள் தளத்தில் போட்டுவிட்டு, பதிவேட்டில் உங்கள் முகவரிப் பதிவிலேயே அதன் இணைப்பைக் கொடுக்கலாம். தேடி வந்து படிக்கிறவர்கள் படிப்பார்கள். படிக்காதவர்களுக்குத் தனித்தனியாக விண்ணப்பம். இதற்குக் குறுக்கு வழி இருப்பதாக யாராவது பணம் கேட்டால் கொடுக்காதீர்கள்.

யோசனை கேட்கும் முறை பற்றியும் ஒரு வார்த்தை. ஏஎஸ் எண்ணையும் முகவரியையும் மறைத்துவிட்டுக் கேட்பவர்கள் இருக்கிறார்கள், ஸ்கிரீன்ஷாட்டில் சிவப்புக் கோடு போட்டு. உலகம் முழுக்க அறிவித்துக்கொண்டிருக்கும் எண்ணை என்னிடம் மட்டும் மறைத்து என்ன பயன்? ரவுட்டர் பாஸ்வேர்டை அதே கான்ஃபிக்கில் அப்படியே விட்டிருப்பார்கள், அது வேறு. மறைக்க வேண்டியது அது. ஏஎஸ் எண், பிரிஃபிக்ஸ், எப்போது தொடங்கியது, போகிற வழிக்கு ஒரு டிரேஸ்ரூட் (பாக்கெட் எந்தெந்த ரவுட்டர் வழியாகப் போகிறது என்ற பட்டியல்), முடிந்தால் திரும்பி வரும் வழிக்கும் ஒன்று, கடைசியாக என்ன மாற்றினீர்கள். இவ்வளவு இருந்தால் முகம் தெரியாதவர்கள்கூட உதவுவார்கள். தெற்காசிய நெட்வொர்க் ஆட்களுக்கு 2003-லிருந்து சனாக் இருக்கிறது, இந்தியாவுக்கு இன்னாக் இருக்கிறது. அங்கே பயிற்சி வகுப்புக்கு ஒரு ஆளை அனுப்புங்கள் என்று சொன்னால், "ஆள் இல்லையேண்ணே, லைன் கட் ஆனா யாரு போறது?" என்பார்கள். நியாயம்தான். அப்படியானால் முதலாளியே போகலாம்.

கடைசியாக, ஐபிவி4-க்கு அடுத்த தலைமுறை முகவரியான ஐபிவி6. முகவரி வாங்கும்போது கூடவே ஒரு ஸ்லாஷ் 32 வாங்கி வைத்திருக்கும் ஐஎஸ்பிகள் நிறைய. அறிவிப்பதும் இல்லை, ரோவா போடுவதும் இல்லை. "அது அப்புறம் பாத்துக்கலாம்ணே." சரி, அப்புறமே பார்க்கலாம். ஆனால் ரோவா இல்லாத பிளாக்கை வேறு யார் அறிவித்தாலும் அது நாட் ஃபவுண்ட் என்று கடந்து போய்விடும். நீங்களே இன்னும் பயன்படுத்தாததால் உங்களுக்குத் தெரியவும் தெரியாது. பயன்படுத்தும் நாள் வரை அதற்கு ஏஎஸ் 0 என்று ஒரு ரோவா போட்டு வைக்கலாம், யாரும் இதை அறிவிக்கக் கூடாது என்று பொருள். ஏபிநிக்கே தன்னிடம் ஒதுக்காமல் கிடக்கும் முகவரிகளுக்கு 2020-லிருந்து அப்படித்தான் செய்கிறது. போர்ட்டலில் அதே பக்கம், அதே பொத்தான். அறிவிக்கத் தொடங்கும் முன் உங்கள் சொந்த ஏஎஸ் எண்ணுக்கு ஒரு ரோவா போட்டுவிட்டு, ஏஎஸ் 0-ஐ எடுத்துவிடுங்கள்.